ஏரிக்கரையில் ஏழு நாள்

"ஏரியைப் பார்த்த வீடு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. வீடு ஏரியைப் பார்த்ததென்னவோ வாஸ்தவந்தான். வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. முன்வாசலில் நின்றால் யூகலிப்டஸ் மரங்கள். பின்வாசலில் நின்றால் மண்மேடு. மாடியில் ஸ்நான அறையின் ஜன்னல் ஓரமாக ஒரு முக்காலியைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, கழுத்தைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தால், இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளித் தகடு போல் ஒன்று மின்னும். அதுதான் கோடைக்கானல் ஏரி. எங்கள் குடும்பத்துச் சிறுவர்கள் மூவரும் அந்த முக்காலிக்கு முறை வைத்துக் கொண்டார்கள்.

வீட்டை அமர்த்தியவன் என் தம்பி. சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறவன். 2024-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மதுரை வெயில் எப்படிக் காய்ந்தது என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் வெயிலோடு வேர்வையும் சேர்ந்து கொண்டது. தம்பி டெலிபோன் செய்தான். "அண்ணே! இந்த வருஷம் அம்மாவையும் அழைத்துக் கொண்டு எல்லோருமாகக் கோடைக்கானல் போய் வருவோம். ஹோட்டல் வேண்டாம். அம்மாவுக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக் கொள்ளாது. ஏரிக்கரையில் ஒரு வீடு எடுத்துக் கொண்டால் நாமே சமைத்துச் சாப்பிடலாம்" என்றான்.

இந்த "நாமே" என்னும் சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இலக்கணத்தில் இதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள். பேசுகிறவனும் கேட்கிறவனும் அதில் அடக்கம். ஆனால் ஆண்பிள்ளை ஒருவன் "நாமே சமைத்துச் சாப்பிடலாம்" என்று சொல்லும்போது மட்டும் இலக்கணம் எப்படியோ மாறி விடுகிறது. சமைப்பதில் பேசுகிறவன் அடக்கமில்லை. சாப்பிடுவதில் மட்டுந்தான் அடக்கம். என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். "அதாவது, அடுப்படியை மலை மேலே தூக்கிக் கொண்டு போகப் போகிறோம்" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னது பிற்பாடு எழுத்துக்கு எழுத்துப் பலித்தது.

வாடகை நாளொன்றுக்கு 6,500 ரூபாய். இரண்டு குடும்பங்கள் பகிர்ந்து கொள்வதென்று ஏற்பாடு. மே 3-ஆம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலம் ஒன்பது பேராக ஒரு வேனில் கிளம்பினோம். அம்மா, நான், என் மனைவி, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி விட்டு முடிவுக்குக் காத்திருந்த மகள், பத்து வயதுப் பையன். தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் காற்று மாறிற்று. கோடைக்கானலுக்குச் சுமார் எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது வெள்ளி அருவி வரும். ஏரியில் மிகுந்த நீர் வழிந்து வந்து அங்கேதான் அருவியாய் விழுகிறது. நாங்கள் பார்த்தபோது பாறை நெடுகத் தெரிந்தது. அதன் நடுவே நூல் இழுத்தாற்போல் தண்ணீர். மழை பெய்து நாளாகியிருந்தது. "என்ன இது, அருவிக்கும் வழுக்கை விழுந்து விட்டதா?" என்றாள் அம்மா. அப்போது எல்லோரும் சிரித்தோம்.

வீடு பழைய காலத்துக் கல் வீடு. உயரமான புகைபோக்கி, கனத்த கதவுகள், கூடத்தில் ஒரு கணப்பு. வீட்டின் பின்னால் ஒற்றை அறையில் காவற்காரரும் அவர் சம்சாரமும் மகளும் இருந்தார்கள். மன்னவனூர்ப் பக்கத்துக்காரர்கள். பத்து வருஷமாக அந்த வீட்டைப் பார்த்துக் கொள்கிறார்களாம். வீட்டுச் சொந்தக்காரரை அவர்களே வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பார்களாம்.

விளம்பரத்தில் "எல்லா வசதியும் உள்ள சமையலறை" என்றும் போட்டிருந்தது. பீங்கான் கோப்பைகள் இருபத்துநாலு இருந்தன. அழகான கண்ணாடிக் கிண்ணங்கள் இருந்தன. குக்கர் இல்லை. முதல் நாள் இரவு துவரம் பருப்பை ஒரு பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பருப்பு, போட்டது போட்டபடியே இருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை மணி ஆயிற்று. குழந்தைகள் பசி தாங்காமல் ரொட்டியைத் தின்று விட்டுத் தூங்கிப் போனார்கள். "இந்த ஊர்ப் பருப்புக்கு இத்தனை பிடிவாதமா?" என்றாள் தம்பி மனைவி. பருப்பு இந்த ஊர்ப் பருப்பு அல்ல. மதுரையிலிருந்து நாங்கள் கொண்டு போனதுதான். ஊர்தான் வேறு.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவன். ஆகையால் காரணம் தெரியும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைந்து விடுவதால் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்து விடுகிறது. கொதிக்க ஆரம்பித்த பிறகு எத்தனை விறகு வைத்தாலும், எத்தனை கேஸ் எரித்தாலும், திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. அந்த ஏழு டிகிரிதான் பருப்பை வேக விடாமல் தடுப்பது. குக்கர் என்பது வேறொன்றுமில்லை. மூடிக்குள்ளே அழுத்தத்தை உண்டாக்கி, அந்தப் பாத்திரத்தை மட்டும் மலையிலிருந்து சமவெளிக்கு இறக்கி வைத்து விடுகிற யுக்தி. இதை நான் சமையலறை வாசலில் நின்று விளக்கினேன். என் மனைவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டு விட்டு, "சாஸ்திரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி விட்டால், பின்னால் இருக்கிற அம்மாவிடம் குக்கர் இருக்கிறதா என்று கேட்டு வருவேன்" என்றாள். இருந்தது. காவற்காரர் மனைவி தம்முடைய குக்கரைத் துடைத்துக் கொண்டு வந்து கொடுத்து, "இங்கே குக்கர் இல்லாம ஒண்ணும் ஆகாதும்மா" என்று ஒரே வாக்கியத்தில் என் பாடத்தை முடித்து விட்டார்.

மறு நாள் ஏரியைச் சுற்றினோம். சுற்றுப் பாதை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். நட்சத்திரத்தைப் போல் பல முனைகள் நீண்டிருப்பதால் ஏரியை எந்த இடத்தில் நின்றும் முழுவதாகப் பார்க்க முடியாது. ஒரு திருப்பத்தில் மறையும். அடுத்த திருப்பத்தில் புதிதாக ஓர் ஏரி பிறந்தது போல் எதிரே வந்து நிற்கும். தண்ணீரின் மேல் வெண்புகை போன்ற பனி மெல்ல நகர்ந்து கொண்டிருந்தது. சிறுவர்கள் படகில் ஏறினார்கள், சைக்கிளில் ஏறினார்கள், குதிரை மேல் ஏறினார்கள். பணம் இறங்கிற்று.

இந்த ஏரி இயற்கையாக அமைந்ததல்ல என்பது பலருக்குத் தெரியாது. மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து 1845-இல் இந்த மலை மேல் வீடு கட்டிக் கொண்டு வந்தார்கள். அப்போது இந்த இடம் ஓடைகள் ஓடுகிற சதுப்பு நிலம். 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர்தான் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கி ஏரியாக்கினார். அறுபது ஏக்கர் பரப்பு. தூத்துக்குடியிலிருந்து படகு ஒன்றும் வரவழைத்தார். துரைக்கு ஊரில் ஞாபகச் சின்னம் இருக்கிறது. அவருக்கு அது தகும் என்றே நான் நினைக்கிறேன். மோட்டார் ரஸ்தா இல்லாத அந்த நாளில், பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதையாக மலை ஏற வேண்டும். துரைகளும் துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். கூலியாட்கள் தோளில் சுமந்து ஏறுவார்கள். மூட்டை முடிச்சுகளும் அப்படியே. ஏரிக்கு மண் சுமந்தவர்களும், துரைகளைச் சுமந்தவர்களும் இந்த மலையடிவாரத்து ஜனங்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய பெயர் பொறித்த கல் எதுவும் ஏரியைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டரில் என் கண்ணில் படவில்லை.

பிரையண்ட் பூங்கா, தூண் பாறை, கோக்கர்ஸ் நடைபாதை ஆகியவற்றையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுதுவதற்கு வேறு பேர் இருக்கிறார்கள். குறிஞ்சி ஆண்டவர் கோவில் வாசலிலிருந்து கீழே பழனியைப் பார்த்து அம்மா கன்னத்தில் போட்டுக் கொண்டாள். மலை முழுவதும் குறிஞ்சி பூத்திருக்குமா என்று என் பையன் கேட்டான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூப்பது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான் என்றேன். அவன் விரல் விட்டு எண்ணி, "அப்போது எனக்குப் பதினாறு வயது" என்று திருப்தியடைந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாய் மூன்று தடவை இருமிற்று. பிறகு அடங்கி விட்டது.

ஏரிக்கரை வீட்டில் தண்ணீர் இல்லை என்றால் ஹாஸ்யமாகத் தோன்றும். ஆனால் ஊருக்குக் குடிதண்ணீர் ஏரியிலிருந்து வருவதல்ல. அதற்கு மேட்டிலே வேறு நீர்த்தேக்கங்கள் உண்டு. கோடை முற்றினால் அவற்றில் தண்ணீர் குறையும். அதே சமயத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவோம். முன் காலத்தில் இந்த மலைகளின் மேல் புல்வெளியும், பள்ளங்களில் சோலைக்காடும் இருந்தன. மழை நீரைக் குடித்து வைத்துக் கொண்டு, வருஷம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாய் ஓடைகளுக்கு விட்டுக் கொடுத்தவை அவைதாம். விறகுக்கென்று யூகலிப்டஸும், தோல் பதனிடும் பட்டைக்கென்று சீகை மரமும் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து நட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் ஏரியை மறைத்துக் கொண்டு நின்றவையும் அந்த ஜாதிதான்.

எங்கள் வீட்டுத் தொட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரியில் தண்ணீர் வரும். அன்றைக்கு வர வேண்டிய லாரி, ஏரிச் சாலையில் அணிவகுத்து நின்ற கார்களுக்குப் பின்னால் எங்கேயோ அகப்பட்டுக் கொண்டது. (மே 7-ஆம் தேதி முதல் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் வாங்கித்தான் மலை ஏற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதற்கு முந்திக் கொள்ள வேண்டுமென்று பலர் ஓடி வந்திருந்தார்கள் போலும். 2025-இல் அதே நீதிமன்றம், கோடை மாதங்களில் கோடைக்கானலுக்கு வேலை நாட்களில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று கணக்கே வைத்து விட்டது.) காவற்காரர் லாரிக்காரருக்கு மேலும் மேலும் டெலிபோன் செய்து கொண்டிருந்தார். அவர் மனைவியோ டெலிபோனை நம்பவில்லை. ஒரு குடத்தை இடுப்பிலும் ஒன்றைத் தலையிலும் வைத்துக் கொண்டு கிளம்பி விட்டார். அவர் பின்னால் அவருடைய மகளும் கிளம்பினாள்.

ஊற்று இருந்த இடம் இரண்டு பர்லாங்கு. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். ஒரு பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் கொள்ளும். அதாவது பதினைந்து கிலோ. ஒன்பது பேர் அடங்கிய குடும்பம் எத்தனை சிக்கனமாயிருந்தாலும் நாளைக்கு இருபது குடமாவது வேண்டும். நானும் தம்பியும் ஆளுக்கொரு வாளியுடன் போனோம். அந்த உயரத்தில் காற்று லேசு. ஒரு நடை ஏறி வருவதற்குள் தம்பி வழியில் ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து விட்டான். நான் கௌரவத்தை முன்னிட்டு நின்று கொண்டிருந்தேன். எங்களைக் கடந்து அந்தப் பெண் இரண்டு குடங்களுடன் மேலே போனாள். காலிக் குடங்களுடன் திரும்பி இறங்கினாள். மறுபடியும் மேலே போனாள். நாங்கள் இன்னும் அதே பாறைதான்.

மூன்றாவது நடையில் அவளோடு என் மகளும் வந்தாள். தலையில் வைக்கத் தெரியாமல் இடுப்பில் வைத்திருந்தாள். பாதித் தண்ணீர் பாவாடையில் கொட்டியிருந்தது. இருவரும் ஏதோ சுவாரஸ்யமாகப் பேசிக் கொண்டு வந்தார்கள். காது கொடுத்துக் கேட்டேன். பௌதிகப் பரீட்சையில் கேட்ட ஐந்து மதிப்பெண் கேள்வியைப் பற்றிய விவாதம். காவற்காரர் மகளும் அதே வருஷம் அதே பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதியவள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மறு நாள் காலை ஒன்பதரை மணிக்கு இருவருக்கும் முடிவு வெளியாக வேண்டும்.

மறு நாள், மே 6-ஆம் தேதி. அந்த வீடு பள்ளத்தில் இருந்தபடியால் கைபேசியில் ஒன்றும் வராது. ஏரிச் சாலையின் மேட்டுத் திருப்பத்துக்குப் போக வேண்டும். இரண்டு பெண்களும் ஒன்பது மணிக்கே கிளம்பினார்கள். நானும் காவற்காரரும் பின்னால் போனோம். அவர் ஸ்வெட்டருக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்திக் கொண்டு வந்தார். பேசவில்லை. எனக்கும் பேச்சு எழவில்லை. இருபது வருஷமாகப் பிறர் குழந்தைகளின் முடிவுகளை நோட்டீஸ் பலகையில் ஒட்டியவன் நான். சொந்தப் பெண்ணின் எண்ணைத் தட்டும்போது விரல் நடுங்கிற்று. என் மகள் 600-க்கு 531. "உன்னுடையது, உன்னுடையது" என்று அவளே அந்தப் பெண்ணின் எண்ணையும் பிறந்த தேதியையும் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். 544.

காவற்காரர் அந்தத் திரையைக் கையில் வாங்கிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். எண்கள் நன்றாய்த் தெரியும். "ஐந்நூத்தி நாப்பத்தி நாலு" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "சாக்லேட் கடைக்காரர்கிட்டே ஒண்ணாந் தேதியிலேருந்து வரச் சொல்லியிருக்கேன் சார். மாசம் ஒம்பதாயிரம் தர்றதாச் சொல்லியிருக்கார்" என்றார். பெண் ஏரியைப் பார்த்துக் கொண்டு நின்றாள்.

அன்று இரவு கணப்பருகில் அம்மா உட்கார்ந்திருந்தாள். காவற்காரர் மனைவி நெருப்புக்கு விறகு எடுத்துக் கொண்டு வந்தார். "உட்கார் தாயி" என்றாள் அம்மா. அவர் தரையில் உட்கார்ந்தார். அம்மா நாற்காலியிலிருந்து இறங்கித் தானும் தரையில் உட்கார்ந்து கொண்டாள். என் தாயார் பிறந்தது பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு மானாவாரிக் கிராமம். எட்டாவது வகுப்போடு படிப்பு நின்றது என்று மட்டும் எனக்குத் தெரியும். ஏன் நின்றது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த அம்மாளிடம் சொன்னாள்: "ஊருணி எங்க வீட்டுக்கு ரெண்டு மைல். பள்ளிக்கூடத்து மணி அடிக்கிறபோது நான் ஊருணியிலே நிற்பேன். மணிச் சத்தம் கேட்கும். ஒரு நாள் கேட்டு ஓடினேன். பானை உடைஞ்சு போச்சு. அதோட பள்ளிக்கூடம் போறதை நிறுத்திட்டாங்க." கூடத்தில் எல்லோரும் இருந்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. என் மகள் மட்டும் பாட்டியின் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

காவற்காரரைக் கொடியவர் என்று நேயர்கள் எண்ணக் கூடாது. மறு நாள் அவரோடு நெடுநேரம் பேசினேன். "படிக்க வைக்க ஆசைதான் சார். கீழே அனுப்பினா பீஸு, ஹாஸ்டலு, சாப்பாடு, போக வர பஸ்ஸு. ரெண்டு வருஷத்துக் கடன் இருக்கு" என்றார். நியாயமான கணக்கு. நானும் ஒரு காகிதத்தில் என் கணக்கைப் போட்டேன். மதுரையில் பெண்களுக்கென்றே ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. அரசாங்கக் கல்லூரியானபடியால் சம்பளம் சொற்பம். அரசாங்க மாணவியர் விடுதியில் இடம் கிடைத்தால் தங்குவதற்கும் உண்பதற்கும் செலவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டப்படி மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலேயே பாங்கியில் விழும். இதையெல்லாம் வரிசையாக எழுதிக் காட்டினேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். "யோசிக்கிறேன் சார்" என்றார். "யோசிக்கிறேன்" என்று பெற்றோர்கள் சொல்லும்போது என்ன பொருள் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை என் பையனுக்குப் பொழுது போகவில்லை என்று பெட்டியைக் குடைந்து ஒரு கிரகணக் கண்ணாடியை எடுத்தான். 2019 டிசம்பர் 26-ஆம் தேதி கங்கண சூரிய கிரகணத்தைப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் வாங்கியது. கீறல் படாமல் உறையில் வைத்திருந்தேன். சும்மா சூரியனைப் பார்த்தவன், "அப்பா, சூரியனிலே ஒரு மச்சம்!" என்று கத்தினான். நான் வாங்கிப் பார்த்தேன். உண்மையே. வெறும் கண்ணுக்கு, பெரிதாக்கும் கண்ணாடி எதுவுமில்லாமலே, ஒரு கரும்புள்ளி தெரிந்தது. அப்படித் தெரிவது அபூர்வம். பிறகு அறிந்தேன்: அந்த வாரம் சூரியனில் தோன்றிய புள்ளிக் கூட்டம் பூமியைப் போல் பதினைந்து பூமிகளை வரிசையாக வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம்.

காவற்காரர் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "சார், இதைத்தானே மேலே அப்சர்வேட்டரியிலே தினம் படம் பிடிக்கிறாங்க? எங்க ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க" என்றாள். ஆமாம் என்றேன். ஏரிக்கு மேலே உள்ள குன்றில் 1899-இல் அமைந்த சூரிய ஆராய்ச்சி நிலையம் அது. நூறு வருஷத்துக்கு மேலாக, மேகம் மறைக்காத நாளெல்லாம், அங்கே சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1909-இல் ஜான் எவர்ஷெட் என்பவர் அங்கேதான், கரும்புள்ளியின் ஓரத்தில் வாயுக்கள் வெளிப்புறமாகப் பாய்கின்றன என்று கண்டுபிடித்தார். உலகத்துப் புத்தகங்களிலெல்லாம் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. "அந்த மாதிரி வேலைக்கு என்ன சார் படிக்கணும்?" என்று கேட்டாள். "பௌதிகம்" என்றேன். "எத்தனை வருஷம்?" "ரொம்ப வருஷம்." அவள் கண்ணாடியை மறுபடியும் வாங்கிச் சூரியனைப் பார்த்தாள். அவளுடைய தாயார் ஊற்றிலிருந்து குடத்துடன் வந்து கொண்டிருந்தார். லாரி அன்றைக்கும் தாமதம். குடத்தைத் திண்ணையில் இறக்கி வைத்து விட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக் கொண்டு, "நீ என்னடி பார்க்கிறே?" என்று கேட்டார். கண்ணாடியை வாங்கித் தாமும் பார்த்தார்.

பிறகு உள்ளே போனார். புருஷனிடம் அவர் சொன்னது ஒற்றை அறையின் மெல்லிய சுவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது. "சாக்லேட் கடைக்காரருகிட்டே வரலேன்னு சொல்லிடுங்க. அவ தண்ணி தூக்கினது போதும்."

அரை மணிக்குப் பிறகு காவற்காரர் வந்தார். மடித்து வைத்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, "விண்ணப்பம் எப்படிப் போடறது சார்?" என்றார். அன்று மாலை என் மகளும் அந்தப் பெண்ணும் மேட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தார்கள். கைபேசி வெளிச்சத்தில் இருவர் முகமும் தெரிந்தன. அவர்களுக்குப் பின்னால் ஏரி இருட்டிக் கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டோம். அம்மா அந்தப் பெண்ணின் கையில் இருநூறு ரூபாயைத் திணித்தாள். "வேண்டாம் பாட்டி" என்றவளிடம், "உடைந்து போன பானைக்கு" என்றாள்.

அன்றிரவு உலகத்தின் பல பாகங்களில் வானம் சிவந்தது. சூரியனின் அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பிய புயல் பூமியை வந்து தாக்கிற்று. நம் தேசத்திலேயே லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில் உள்ள வானாராய்ச்சி நிலையத்தின் காமிராக்களில் செவ்வொளி பதிவாயிற்று. செய்தியைப் படித்து விட்டு அந்தப் பெண் மதுரைக்குப் பேசினாள். "சார், நாம பார்த்த புள்ளிதானே? அதேதானே?" என்று இரண்டு தடவை கேட்டாள். அதேதான் என்றேன்.

அவள் இப்போது மதுரையில் பௌதிகம் படிக்கிறாள். விடுதியில் வாசம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பாடு. மதுரை வெயில் அவளுக்குச் சத்துரு. முதல் முறை வந்தபோது, என் மனைவி திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வைத்ததைப் பார்த்து விட்டு, "இதற்குள் வெந்து விட்டதா அக்கா!" என்று அதிசயப்பட்டாள். காரணத்தை நான் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவளே சொல்லி விட்டாள், டிகிரி உள்பட.

தம்பி மறுபடியும் டெலிபோன் செய்திருக்கிறான். அதே வீடு, வாடகை மட்டும் நாளைக்கு ஆயிரம் ரூபாய் ஏறியிருக்கிறதாம். என் மனைவி கையிலிருந்து டெலிபோனை வாங்கிப் பதில் சொன்னாள். "வருகிறோம் தம்பி. நீங்களும் உங்கள் அண்ணனும் காலையில் தண்ணீர், மத்தியானம் சமையல். நானும் உங்கள் வீட்டுக்காரியும் அந்த முக்காலியில் ஏறி ஏரியைப் பார்த்துக் கொண்டிருக்கப் போகிறோம்."

தம்பி யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.